மொட்டை மாடியில் காயும் சாத்துக்குடித் தோல்

முதல் நன்றி, திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அந்த அதிகாரிக்கு. பெயர் தெரியாது. மீசை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே காய்ந்து கறுத்துப்போன துண்டுகள்.

"இது என்னம்மா?"

"மங்குஸ்தீன் தோலுங்க."

"பழம் எங்க?"

"சாப்பிட்டாச்சுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை மட்டும் மூட்டை கட்டிக் கடல் தாண்டிக் கொண்டுவருகிற பைத்தியத்தை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். "பழமோ தோலோ விதையோ, உரிய பேப்பர் இல்லாம உள்ள விட முடியாதும்மா" என்று பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். வேறு யாராவது என்றால் சண்டை பிடித்திருப்பார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தத் தோலைக் கேட்டது என் அக்கா ஸ்டெல்லா. "அது இல்லாம வந்தா வாசப்படி ஏறாதே" என்று போனில் சொல்லியிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்காக அந்த மீசைக்காரர் சொல்லிவிட்டார்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். என் பெயர் ரீட்டா. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் பிறந்து அங்கேயே தலை நரைத்தவள். ஓர் ஆய்வுக்கூடத்தில் வெகு வருஷமாக வேலை. விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டில் கழுவுவது, லேபிள் எழுதி ஒட்டுவது, தட்டில் வளர்கிற செல்களுக்கு வேளாவேளைக்குத் தீனி மாற்றுவது, இவ்வளவுதான். எங்கள் பேராசிரியை ஒரு சீனப் பெண்மணி. பழத்தோல்களில் புற்றுநோயை எதிர்க்கும் சத்து உண்டா என்று பார்க்கிறார். மங்குஸ்தீன் தோல், மாதுளைத் தோல், சாத்துக்குடித் தோல் என்று ஊர் குப்பையில் போடுவதெல்லாம் எங்களுக்கு ஆராய்ச்சி. குழிப்பணியாரச் சட்டி மாதிரி குழி குழியாக ஒரு தட்டு இருக்கும். குழிக்குள் செல்களை வளர்த்து, மேலே தோல் சாற்றை ஒரு சொட்டு விட்டு, மறுநாள் எது பிழைத்தது, எது செத்தது என்று எண்ணுவோம்.

அக்கா கல்யாணமாகித் திருச்சி காட்டூருக்கு வந்து முப்பது வருஷமாகிறது. போன வருஷம் மார்பில் கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு கீமோ ஊசி ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் போன் பண்ணி, தலைமுடி கைநிறைய வருகிறது என்று ஓவென்று அழுதாள். அவளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் வேலைக்குப் போனேன். போய்த் தட்டைப் பார்த்தால், மங்குஸ்தீன் தோல் சாறு விட்ட குழிகளில் புற்றுநோய்ச் செல்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. உடனே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்: "அக்கா, அழாதே! நேத்து தோல் சாறு விட்டோம். இன்னைக்கு வந்து பார்த்தா கேன்சர் செல் அத்தனையும் காலி! தோல்லயே மருந்து இருக்குக்கா!"

அரை நிமிஷம்கூட இருக்காது. அதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன், இப்போதே சொல்ல வெட்கமாக இருக்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் அக்காவையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வீட்டுக்காரர் ஆரோக்கியம் மாமா கூப்பிட்டார். "ரீட்டா, உங்க அக்கா ஊசிக்கு வர மாட்டேங்குறா. ஒரு தேதியை விட்டாச்சு. தோல் கஷாயமே போதுமாம், தங்கச்சி சொல்லிட்டாளாம். அடுத்த தேதி வெள்ளிக்கிழமை. அதையும் விட்டா இதுவரைக்கும் போட்டதெல்லாம் வீணாப் போயிடும்னு டாக்டர் பயப்படுறார். நீயே வந்து சொல்லும்மா." பேராசிரியையிடம் போய் நின்றேன். அவர் மலாயில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "செல்லை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அக்காவை நீதான் போய்ப் பார்க்க வேண்டும்." அவருக்கு இரண்டாவது நன்றி.

நான் வந்து இறங்கியது திங்கள்கிழமை. வெள்ளிக்கு இடையில் மூன்றே நாள்.

விமான நிலைய வாசலில் ஆட்டோ பிடித்தேன். மாமாவோடு போனில் பேசிக்கொண்டே வந்தேன். பால்பண்ணைச் சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றபோது ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேன்."

"என்னையா? நான் மலேசியாங்க."

"அதான்! மலேசியாதான்!" என்று போனை எடுத்துத் தடவினார். உள்ளேயிருந்து நான் கத்தினேன். அக்கா, அழாதே! நேத்து தோல் சாறு விட்டோம்!

"இதை யாருங்க உங்களுக்கு அனுப்புனது?"

"மச்சான் குரூப்ல வந்துச்சு மேடம். எங்கம்மாவுக்கு சுகரு. தினம் ஆரஞ்சுத் தோலை அவிச்சுக் கொடுக்குறோம். நீங்க டாக்டராங்க?"

"பாட்டில் கழுவுறவங்க."

அவர் சிரித்தார். பெரிய டாக்டர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று நினைத்துவிட்டார் போல. நான் சொல்லச் சொல்ல அவர் நம்பவில்லை. சுகர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று காட்டூர் வரைக்கும் கெஞ்சிக்கொண்டு வந்தேன். "அதெல்லாம் நிறுத்தல மேடம்" என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர்வாயில் என் வாயே உட்கார்ந்திருந்தால் எதை வைத்து மூடுவது?

அக்கா வாசலில் நின்றாள். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுது முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தோலு எங்கடி?"

"ஏர்போர்ட்ல பிடுங்கிட்டாங்க."

"கட்டையில போறவனுங்க" என்றாள். மனசுக்குள் அந்த மீசைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படியேறவே நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மேலே போய்ப் பார்த்து அசந்துவிட்டேன். பழைய சேலைகளை விரித்து, மாடி முழுக்கத் தோல். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, மாதுளை. ஒவ்வொரு குவியலின் மேலும் ஒரு கல். கல்லுக்கு அடியில் ஒரு சீட்டு. சீட்டில் பெயர்: சகாயமேரி, பாத்திமா டீச்சர், கீழ்வீட்டு முருகேசன், காய்கறிக்கார அம்மா.

விஷயம் இதுதான். இந்த ஊரில் சீக்காளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஈப்போவிலும் உண்டுதான், ஆனால் பாதிப் பேர் டின்னில் அடைத்த பால்மாவோடு நிறுத்திக்கொள்வார்கள். இங்கே பழம். ஒரு கிலோ சாத்துக்குடி இல்லாமல் எவரும் படியேறுவதில்லை. என் வாட்ஸ்அப் சேதி பரவிய பிறகு வருகிறவர்களெல்லாம், "பழத்தைச் சாப்பிடுங்க, தோலைப் பத்திரமா வைங்க" என்று சொல்லிவிட்டே கொடுக்கிறார்களாம்.

"பேரு எதுக்குக்கா எழுதி வெச்சிருக்கே?"

"யாரு கொடுத்த தோலைக் கஷாயம் வைக்கிறேனோ, அன்னைக்கு அவங்களுக்காக ஒரு ஜெபம். எல்லாரும் எனக்காக வேண்டிக்குறாங்க. நான் திருப்பிச் செய்ய வேற என்ன இருக்கு?"

கையிலிருந்த சீட்டைக் கல்லுக்கு அடியில் திரும்பச் செருகினேன். இருந்தாலும் வந்த வேலையைத் தொடங்கினேன். தட்டு வேறு, உடம்பு வேறு என்றேன். குடிக்கிற கஷாயத்தில் இருக்கிற சத்து வயிற்றிலேயே சிதைந்துபோகலாம், கேன்சர் செல் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும் என்று யாரும் காட்டவில்லை என்றேன். "கிண்ணத்துல மண்ணெண்ணெய் ஊத்தினாலும்தான் கேன்சர் செல்லு சாகும். அதுக்காக மண்ணெண்ணெய் குடிப்பியா?"

அக்கா அசரவில்லை. "நித்தியகல்யாணிப் பூச்செடியிலேர்ந்து கேன்சருக்கு மருந்து எடுத்தாங்கன்னு டாக்டரே சொன்னாரு. செடி ஆகுமாம், தோலு ஆகாதா? நீதானே சொன்னே? உன் வாயாலதானே சொன்னே?"

கீழே இறங்கி வந்ததும் அக்கா மாதுளைத் தோல் கஷாயத்தைக் குடித்தாள். ஒரு வாய் நானும் குடித்துப் பார்த்தேன். துவர்ப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதை மூன்று வேளை குடிக்கிறவளுக்கு வைராக்கியம் இல்லை என்று யார் சொல்வது? அன்று மதியம் மாமா எனக்கு வைத்த மணப்பாறை முறுக்குத்தான் அந்த நாக்கை மறுபடி ஆளாக்கியது.

மாமாதான் ஒரு வழி சொன்னார். ஸ்ரீரங்கத்தில் கோமளம் மாமி என்று ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்கிறவர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சை அக்கா கேட்பாளாம். மாமி போனில், "பெருமாள் கோயில் வாசலுக்கு வந்து கூப்பிடுங்கோ, கூட்டிண்டு போக ஆளனுப்பறேன்" என்றார்.

புதன்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முதலில் கிளம்பிய பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் கம்பீரமாக "பெருமாள் கோயில்" என்றேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் காற்று, முந்தைய நாள் தூக்கமின்மை, கண் அயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வயல், வாழைத்தோப்பு. இவ்வளவு பெரிய கோயிலைச் சுற்றி ஒரு கடைகூடவா இல்லை என்று யோசிக்கும்போதே, "இறங்குங்கம்மா, திருவெள்ளறைப் பெருமாள் கோயில் வந்தாச்சு" என்றார் கண்டக்டர்.

"ஸ்ரீரங்கம் இல்லையா?"

"ஸ்ரீரங்கமா! அது எங்கயோ இருக்குதும்மா. இந்தப் பக்கம் வந்து பெருமாள் கோயில்னு மொட்டையாச் சொன்னா எந்தப் பெருமாள்னு நான் கண்டேன்?"

ஈப்போவில் எல்லாருக்கும் தெரிந்தது ஒரு மாதா கோயில். அதே நினைப்பில் வந்தது என் தப்பு. ஆனால் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பஸ்ஸை நிறுத்திவிட்டு, என்னோடு ரோட்டைக் கடந்து வந்து, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம் ஒப்படைத்தார். "இவங்களை நம்பர் ஒன் டோல்கேட்ல இறக்கி ஸ்ரீரங்கம் பஸ்ல ஏத்தி விட்டுரு. வெளிநாட்டுப் பார்ட்டி. தூங்கிடும், பார்த்துக்க." ஒரு பஸ் ஜனமே எனக்காகக் காத்திருந்தது, ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. டோல்கேட்டில் மாறிய டவுன் பஸ்ஸில் காசை நீட்டினால், "லேடீஸுக்கு ஃப்ரீம்மா" என்று டிக்கெட்டைக் கையில் திணித்தார்கள். எந்த நாட்டுக்காரி என்றுகூடக் கேட்கவில்லை.

சித்திரை வீதியில் மாமியின் வீடு ஓர் அடுக்குமாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் தலையில் துணிகூடக் கட்டவில்லை, பளபளவென்று மொட்டை. "பெருமாளுக்குக் காணிக்கை கொடுத்துட்டேன்னு கேக்கறவாகிட்ட எல்லாம் சொல்லிண்டிருக்கேன். பெருமாளும் மறுக்கலை" என்று சிரித்தார். உடனே, "அந்தக் கொரல் நீங்கதானா? வாங்கோ, உக்காருங்கோ. ஸ்டெல்லா எனக்கும் அனுப்பினா. கேட்ட உடனே ஒரு கேள்வி வந்துது. கேக்கலாமோ?"

"கேளுங்க மாமி."

"பக்கத்துக் குழியில நல்ல செல் போட்டிருப்பேளே? அதுக்கு என்ன ஆச்சு?"

இத்தனை நாள் ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஆட்டோக்காரர் கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை, மச்சான் குரூப்பில் யாரும் கேட்கவில்லை. இதுதான் நான் சொல்லாமல் விட்டது.

"அதுவும் செத்துப்போச்சு மாமி."

புற்றுநோய்ச் செல் செத்த அதே காலையில், பக்கத்து வரிசையில் நல்ல செல்களும் செத்துத்தான் கிடந்தன. சாறு அவ்வளவு காரம். பேராசிரியை பார்த்துவிட்டு, "அளவு சரியில்லை, திரும்பச் செய்வோம்" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எங்களுக்கு அது வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

"ஏன் சொல்லலை?"

"அக்கா அழுதா மாமி. ஒரு நல்ல சேதி சொல்லணும்னு இருந்துச்சு."

மாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தளிகை ஆயிடுத்து, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று எழுந்தார். தயிர்சாதமும் உப்பு நார்த்தங்காயும். நார்த்தங்காயைத் தோலோடு கடித்துக்கொண்டே அவர் சொன்னார். "ஊசி போட்டா எனக்கு வாயெல்லாம் இரும்பைக் கடிச்சாப்பல இருக்கு. இது இருந்தாத்தான் நாலு வாய் உள்ள போறது. இதுவும் தோல்தான். ஆனா இது தொட்டுக்க, மருந்தில்லை. ஸ்டெல்லா சொன்னாளேன்னு நானும் கஷாயம் வெச்சேன். டாக்டர்கிட்ட சொன்னேன். உடனே நிறுத்தச் சொன்னார். சில பழத்தோட சத்து மருந்தை ரத்தத்துல ஏத்தி விட்டுடுமாம், சிலது இறக்கி விட்டுடுமாம். நிறுத்திட்டேன்."

"நீங்களே அக்காகிட்ட சொல்லுங்க மாமி. உங்க பேச்சைக் கேட்பா."

"சொல்லிப் பார்த்தாச்சு. 'என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா'ன்னுட்டா. அந்தக் கொரல் என்னோடது இல்லையே, உங்களோடது. நீங்கதான் போய் நிறுத்தணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கவில்லை. காவிரிப் பாலத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்து இவ்வளவு தண்ணி போகுது, அவ்வளவு தண்ணி போகுது என்று பேசினார்கள். நான் தண்ணியைப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டில் அன்பியக் கூட்டம். கோயில் பங்கைச் சேர்ந்த அக்கம்பக்கத்து வீடுகள் முறைவைத்துக் கூடி ஜெபம் சொல்கிற கூட்டம் அது. பதினைந்து பெண்கள், பதினைந்து பை சாத்துக்குடி. ஜெபம் முடிந்ததும் குழிப்பணியாரம் கொடுக்க வேண்டும் என்று அக்கா காலையிலிருந்தே மாவு அரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியார் காதில் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பதினைந்து பேர் நடுவில் சொல்வதற்கு எந்த ஞானோபதேச வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஜெபம் முடிந்தது. சகாயமேரி என்கிற பக்கத்து வீட்டம்மா, "மலேசியா டாக்டரம்மா, நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். அடுப்படிக்குப் போய்க் காலிப் பணியாரச் சட்டியை எடுத்து வந்து நடுவில் வைத்தேன்.

"நான் டாக்டர் இல்லைங்க. அந்தத் தட்டு இப்படித்தான் இருக்கும். இந்த வரிசையில கேன்சர் செல்லு. தோல் சாறு விட்டோம், செத்துச்சு. அதைத்தான் அக்காவுக்குச் சொன்னேன். இந்த வரிசையில நல்ல செல்லு. அதே சாறு விட்டோம். அதுவும் செத்துச்சு. அதைச் சொல்லலை. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்லலை. அக்கா அழுதான்னு பாதியை முழுங்கிட்டேன். தோல்ல சத்து இருக்கலாம், இல்லைன்னு சொல்லலை. அதைத் தேடத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்குறாங்க. ஆனா இன்னைக்குத் தேதிக்கு அது மருந்து இல்லைங்க. ஊசியை நிறுத்திட்டு அதைக் குடிக்கச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. என் தப்பு. மன்னிச்சிருங்க."

சகாயமேரி, "ஐயோ, எங்க மாமியாருக்கு ரெண்டு வாரமா மூட்டு வலிக்குக் கொடுத்துட்டிருக்கேனே!" என்று நெஞ்சில் கைவைத்தார். யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்தாள், உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். சுட்டு வைத்த பணியாரம் ஆறிக் கிடந்தது. வந்தவர்கள் பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். மாமா என் தோளைத் தட்டிவிட்டு, "சொல்லிட்டே, அது போதும்" என்றார். போதுமா இல்லையா என்பது விடிந்தால்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை. நான் காபியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. அக்கா குளித்து, நீலச் சேலை கட்டி, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"உன்கூட நான் பேசல. ஆட்டோ மட்டும் சொல்லு."

கர்த்தரே என்று சொன்னேனா, அக்கா என்று சொன்னேனா, ஞாபகம் இல்லை. ஆட்டோ சொன்னேன். பாதி வழி தாண்டியது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தோலு மேல எனக்கும் பாதி நம்பிக்கைதான்டி. அந்த நாற்காலியில போய் உட்காராம இருக்க ஒரு காரணம் வேணும்னு இருந்துச்சு. நீ கொடுத்தே, பிடிச்சுக்கிட்டேன்." அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். உருவிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் கோமளம் மாமி ஏற்கெனவே அவர் நாற்காலியில் இருந்தார். அக்காவைப் பார்த்ததும், "வந்துட்டியா, இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றார், சினிமாத் தியேட்டர் மாதிரி. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். டாக்டரிடம் அக்கா, தான் குடித்த கஷாயங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் திட்டாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ரத்தம் எடுத்துப் பார்த்து, "நல்ல வேளை, போடலாம். இனிமே எதைக் குடிச்சாலும் எனக்குச் சொல்லிட்டுக் குடிங்க" என்றார். அந்த ரத்தப் பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் நான் சொன்ன ஜெபங்களுக்குக் கணக்கில்லை.

நர்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினாள். லேபிளைப் பார்த்தேன். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக என் கையால் எழுதி ஒட்டுகிற பெயர்! எங்கள் தட்டில் மூன்றாவதாக ஒரு வரிசை உண்டு. ஏற்கெனவே வேலை செய்கிற மருந்து ஒன்றை அதில் விட்டு, தோல் சாற்றை அதோடு ஒப்பிடுவோம். அதே மருந்து, என் அக்கா தலைக்கு மேலே தொங்கியது.

"அக்கா, இது எதுலேர்ந்து வந்துச்சு தெரியுமா? ஒரு காட்டு மரம். முதல்முதல்ல அதோட பட்டையிலேர்ந்துதான் எடுத்தாங்க."

அவள் நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தாள். "பட்டைன்னா? மரத்தோட தோலா?"

"ஆமா."

"அப்போ இதுவும் தோல்தானா!" என்றவள், கொஞ்சம் யோசித்து, டக்கென்று பிடித்துக்கொண்டாள். "சரி, இதுலயும் நல்லது சாகத்தானே செய்யுது? முடி கொட்டுதே?"

"சாகுது. ஆனா எவ்வளவு கொடுத்தா எது எவ்வளவு சாகும், எது திரும்ப முளைக்கும், எதுல நிறுத்தணும், எல்லாத்தையும் வருஷக்கணக்கா உட்கார்ந்து எழுதி வெச்சிருக்காங்கக்கா. எத்தனையோ பேர் ஊசி போட்டுக்கிட்டு அதுக்கு ஒத்துழைச்சிருக்காங்க. இது முழுசா வேலையை முடிச்ச தோலு. நம்ம சாத்துக்குடிக்கு அந்த நோட்டு இன்னும் எழுதலை."

"அதுக்கும் யாராவது பாட்டில் கழுவியிருப்பாங்கல்ல?"

"கழுவாம?"

சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. அக்காவுக்குக் குமட்டல் வந்தது. கைக்குட்டையை அவிழ்த்து, அன்று காலை உரித்த கமலாத் தோல் ஒன்றை எடுத்து மூக்குக்குக் கீழே கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். அந்த மணத்தில் முகம் கொஞ்சம் தெளிந்தது. நர்ஸ் தன் தோழியிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மாமி விசாரித்துச் சொன்னார்: "இன்னைக்கு வார்டே பழக்கடை மாதிரி மணக்கறதுங்கறா." அக்கா பாதித் தோலைக் கிள்ளி மாமிக்குக் கொடுத்தாள்.

சனிக்கிழமையும் ஞாயிறும் அக்கா படுத்தே இருந்தாள். கஞ்சி மட்டும் இறங்கியது. மாடியில் காய்ந்த தோல்களை என்ன செய்வது என்று கேட்டேன். படுத்தபடியே உத்தரவு வந்தது. பயத்தம்பருப்பும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து மில்லில் கொடுத்துக் குளியல் பொடியாக அரைத்தோம், சீட்டு மாறாமல் பொட்டலம் கட்டினோம். சகாயமேரி கொடுத்த சாத்துக்குடி சகாயமேரிக்கே பொடியாகத் திரும்பிப் போயிற்று. வீடு வீடாக நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு வாசலிலும் அந்த இரண்டாவது வரிசையைப் பற்றி மறுபடி சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள், சிலர் "அப்படியா" என்றார்கள். அந்த ஆட்டோக்காரருக்கு மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முகவரியும் இல்லை, நம்பரும் இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

திங்கள்கிழமை கிளம்பினேன். அக்கா வாசல் வரைக்கும் வந்தாள். கடைசி ஊசித் தேதிக்குக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது, அவள் கையாலேயே. "போயிட்டு வரேன்" என்றேன். "போயிட்டு வா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

விமான நிலையத்தில் காத்திருக்கும்போது போன் சத்தம் போட்டது. அக்கா எல்லாக் குரூப்பிலும் பேசி அனுப்பியிருந்தாள். காதில் வைத்துக் கேட்டேன். குரல் மெலிந்திருந்தது, அதட்டல் மட்டும் குறையவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். காட்டூர் ஸ்டெல்லா பேசுறேன். என் தங்கச்சி பேசின தோல் மெசேஜ் உங்களுக்கு வந்திருக்கும். அதுல பாதி விட்டுப் போச்சு, மீதியை நான் சொல்றேன். தட்டுல நல்ல செல்லும் செத்துச்சு. யாரும் அதை நம்பி மாத்திரை, ஊசியை நிறுத்தாதீங்க. நான் நிறுத்தினேன், மறுபடி வெள்ளிக்கிழமை போட்டுக்கிட்டேன். அப்புறம் இன்னொண்ணு. அவ டாக்டர் இல்லை, பாட்டில் கழுவுறவ. எனக்கு ஏத்துற மருந்துகூட எந்த ஊர்லயோ எவளோ ஒருத்தி பாட்டில் கழுவினதாலதான் வந்திருக்கு. அதனால அவளை யாரும் திட்டாதீங்க. திட்டுறதுக்கு நான் இருக்கேன்."